நனைந்தால் விதையைத் துப்பும் புல்

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தள்ளி, தென் அட்லாண்டிக்கின் நடுவே தனியாக நிற்கிறது அசென்ஷன் தீவு. மொத்தப் பரப்பே 88 சதுர கிலோமீட்டர்தான். பெரும்பகுதி எரிமலைக் கற்குவியல். அதன் 859 மீட்டர் உயர கிரீன் மவுண்டன் மலையில் சின்னஞ்சிறு புல் ஒன்று கொத்துக்கொத்தாகத் தூர்விட்டு வளர்கிறது. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. பெயர் ஸ்போரோபோலஸ் கேஸ்பிடோசஸ்.

'ஸ்போரோபோலஸ்' என்றால் கிரேக்கத்தில் 'விதை எறிவது'. எப்படி எறிகிறது? நெல், கோதுமை உள்ளிட்ட பெரும்பாலான புற்களில் கனியின் தோலும் விதையின் தோலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். தவிடாகத் தீட்டித்தான் எடுக்க வேண்டும். ஸ்போரோபோலஸ் என்ற இந்தப் புல் பேரினத்தில் அவை ஒட்டுவதில்லை. விதை, பைக்குள் போட்ட மணிபோல் தனித்துக் கிடக்கிறது. ஈரம் பட்டதும் கனித்தோல் நீரை உறிஞ்சி, வழுவழுப்பான பசையாக உப்புகிறது. உள்ளே இடமில்லாமல் விதை பிதுங்கி வெளியே வருகிறது. நனைந்த கதிரை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், பசை பூசிய நுண்விதைகள் உமியின் நுனியில் தொற்றி நிற்பது தெரியும். முளைக்க ஈரம் கிடைக்கும் வேளையிலேயே விதை வெளிவருவது எத்தனை நேர்த்தி! இதன் மூதாதையும் ஏதோ கடற்பறவையின் காலில் ஒட்டிக்கொண்டுதான் இங்கே வந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இவ்வளவு சிறிய விதையில் சேமித்த உணவு மிகக் குறைவு. முளை விட்ட உடனே வெளிச்சம் வேண்டும். வெற்று எரிமலை மண்ணில் அதற்குக் குறையே இருந்ததில்லை.

பிறகு மனிதர்கள் வந்தார்கள். போர்ச்சுகீசிய மாலுமிகள் விட்டுச்சென்ற ஆடுகள், மேயும் விலங்கையே அறியாத செடிகளை மேய்ந்தன. 1815-இல் பிரிட்டிஷ் படை முகாமிட்டது. 1843-இல் வந்த தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், மரம் நட்டால் நீர்வளம் பெருகும் என்று பரிந்துரைத்தார். மூங்கில், கொய்யா, இஞ்சிக் குடும்பச் செடிகள் என 200-க்கும் மேற்பட்ட அந்நிய இனங்கள் தீவில் வேரூன்றின. மலை பசுமையாயிற்று, ஆனால் அந்தப் பசுமையின் நிழல்தான் இந்தப் புல்லை நெருக்குகிறது. அதே தீவுக்கு மட்டுமே உரிய உறவுப்புல் ஸ்போரோபோலஸ் டூரஸ் அழிந்தேபோய்விட்டது.

2005-இல் கிரீன் மவுண்டன் தேசியப் பூங்காவாயிற்று. புதர்கள் எளிதில் கால் ஊன்றாத செங்குத்துச் சரிவுகளை இந்தப் புல்லின் எஞ்சிய தூர்கள் பற்றிக்கொண்டிருக்கின்றன.