பனி குறைந்த ஆண்டில்தான் எனக்குப் பயம்

சுவிஸில் கிரவுபுண்டன் மலைப்பக்க ஆஸ்பத்திரி ஒன்றில், அவசரப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். போன கிழமை பனிச்சரிவில் அகப்பட்ட எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருவனைக் கொண்டுவந்தார்கள். இந்தக் குளிர்காலத்தில் மூன்றாவது ஆள். ஈர ஜாக்கெட்டைக் கத்தரியால் வெட்டும்போது உள்பையில் இருந்து எல்.வி.எஸ். கருவி விழுந்தது. புதைந்தவரைக் கூட வந்தவர்கள் தேடிப் பிடிப்பதற்கான கருவி. திரையில் ஒட்டிவரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. சுவிட்சும் போடவில்லை. ஒரு கை பனிக்கு வெளியே தெரிந்ததால் பிழைத்தான்.

"இந்த முறை மலையில் பனியே இல்லையே, பயமில்லை என்று நான்தான் விட்டேன்" என்று அவனுடைய அம்மா அழுதா.

இந்த ஒரு வசனத்தை இன்னும் எத்தனை தரம் கேட்பது!

நவம்பரில் கொஞ்சம் பனி விழும். பிறகு மூன்று நான்கு கிழமை வெயிலும் தெளிந்த இரவும்தான். நிலத்தோடு ஒட்டிய பனி ஏறக்குறைய 0 பாகையில் இருக்க, மேற்பரப்பு இரவில் −20 வரை இறங்கும். இரண்டு மீற்றர் பனி கிடந்தால் இந்த வித்தியாசம் பரவிப் போகும். 40 சென்ரிமீற்றர்தான் என்றால், அடிப்பனி ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடும். அள்ளிப் பாருங்கள், சீனி போல விரலிடுக்கால் கொட்டும். உருண்டை பிடிக்க வராது. இங்குள்ளவர்கள் ஷ்விம்ஷ்னே, அதாவது நீந்தும் பனி, என்பார்கள். தையில் திடீரென்று அரை மீற்றர் கொட்டி, காற்றும் அதை இறுக்கிவிட்டால், சரிவான மேசையில் சீனியைப் பரப்பி அதன்மேல் கண்ணாடித் தட்டு வைத்த கதைதான். உடைக்க ஒரு ஆளின் பாரம் போதும். அதுவும் பாறை தலைகாட்டுகிற, பனி மெல்லிய இடங்களில்தான் அந்தப் பாரம் அடிவரை எட்டும்.

சத்தம் போட்டால் சரியும் என்பதெல்லாம் சினிமாக் கதை. அகப்படுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் சரிவை அவரோ கூடப் போனவரோதான் கிளப்பி விடுகிறார்.

டாவோஸில் உள்ள எஸ்.எல்.எவ். என்ற பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அபாய அறிக்கை விடுகிறது. ஐந்து அபாயப் படிகளில் 3 என்றால் "நடுத்தரம்தானே" என்கிறார்கள், பரீட்சைப் புள்ளி மாதிரி. உயிரிழப்புகளில் ஏறக்குறைய பாதி அந்த 3இல்தான். எண்ணோடு நிற்காமல் கீழேயும் வாசியுங்கள். "பழைய பனி" என்று இருந்தால், உள்ளே இப்படி ஒட்டாத அடுக்கு இருக்கிறது என்று அர்த்தம்; 30 பாகைக்கு மேற்பட்ட சரிவை விட்டுவிடுங்கள், அதன் அடிவாரத்தையும்தான். முந்திப் போனவரின் தடத்தை நம்பவேண்டாம். காலடியில் "வும்" என்று கேட்டால் அன்றைய நாள் முடிந்தது, திரும்புங்கள்.

"றேகா மீட்பு ஹெலி வரும்தானே, 1414 அடித்தால்?" வரும். ஆனால் 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள். அதற்குப் பிறகு அரை மணிக்குள் எடுத்தால்கூட மூன்றில் ஒருவர்தான். குளிரால் அல்ல, மூச்சு முட்டி. அந்த 10 நிமிடத்தில் மலையில் இருக்கப் போவது உங்கள் நண்பர்கள் மட்டும். ஆளுக்கொரு கருவி, துழாவும் கம்பி, உலோக மண்வெட்டி வேண்டும். சரிந்து வந்து நின்ற பனி சீமெந்து போல இறுகிவிடும், கையால் தோண்ட முடியாது.

இன்னொன்று. அவனை வெளியே எடுத்ததும் நண்பர்கள் எழுப்பி நடக்க வைத்திருக்கிறார்கள், சூடு பிடிக்குமாம். உடல் வெப்பம் 31 பாகை! அந்த நிலையில் இதயம் சின்ன அசைவுக்கே தாளம் தப்பும். படுக்க வையுங்கள், போர்த்துங்கள், கைகாலைத் தேய்க்காதீர்கள், ஷ்னாப்ஸ் போன்ற மது கொடுக்காதீர்கள்.

அம்மாமாரே, பிள்ளை வெளிக்கிடும்போது "தொப்பி போட்டியா" என்று கேட்பீர்கள்தானே? கூடவே "கருவியைக் காட்டு" என்றும் கேளுங்கள். ஜாக்கெட்டுக்கு உள்ளே, நெஞ்சோடு கட்டி, விளக்கு எரிய வேண்டும்.