ரத்தம் கொடுத்த மறுநாள் கடிகாரம் சொன்னது

"இதயத்தில் ஏதாவது கோளாறா டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மேசையில் வைத்தார் அவர். முப்பத்தைந்து வயதிருக்கும், தினமும் ஓடுகிறவர். வழக்கமாக ஆறு சுற்று வேக ஓட்டம் ஓடுபவருக்கு அன்று மூன்றாவது சுற்றிலேயே மூச்சு வாங்கிக் கால் கனத்துவிட்டது. கடிகாரத்தில் பதிவான பழைய கணக்கைப் பார்த்தேன். மெதுவான தொடக்க ஓட்டத்தில் வழக்கமாக 138 துடிப்பு. அன்று அதே வேகத்துக்கு 147.

இசிஜியில் குறை ஏதும் இல்லை. "சமீபத்தில் ரத்தம் கொடுத்தீர்களா?" என்று கேட்டதும் விழித்தார். இரண்டு நாளுக்கு முன்புதான் கொடுத்திருக்கிறார். "ஆனால் எனக்கு எதுவுமே தெரியவில்லையே!"

தெரியாதுதான். ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தத்தில் 450 மில்லி போனாலும், அதிலுள்ள நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை உடல் ஓரிரு நாளில் ஈடுகட்டிவிடும். தலைசுற்றல் நின்றுவிடும், தெம்பாகவும் இருக்கும். ஆனால் இழந்த சிவப்பணுக்கள் அத்தனை சீக்கிரம் திரும்புவதில்லை. அளவு நிரம்பிவிட்டது, அடர்த்தி குறைந்திருக்கிறது. சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், 100 மில்லி ரத்தத்துக்குச் சுமார் ஒரு கிராம் இறங்கியிருக்கும்.

ஒரு கிராம்தானே என்று தோன்றும். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமக்கும் ஆக்சிஜன் சுமார் 1.34 மில்லி. அதாவது ஒவ்வொரு 100 மில்லி ரத்தத்திலும் அவ்வளவு குறைகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இது பொருட்டே அல்ல. முழு வேகத்தில் ஓடும்போது இதயம் நிமிடத்துக்கு 20 லிட்டர் வரை ரத்தத்தை இறைக்கும். அப்போது கணக்குப் போட்டால், நிமிடத்துக்குச் சுமார் 270 மில்லி ஆக்சிஜன் குறைவாகவே தசைகளை நோக்கிப் போகிறது. மெதுவாக ஓடும்போது இதயம் கூடுதலாகச் சில துடிப்புத் துடித்து இதைச் சரிக்கட்டிவிடும். கடிகாரம் காட்டிய 147 அதுதான். உச்ச வேகத்தில் இதயம் ஏற்கெனவே தன் எல்லையில் இருக்கிறது. அதற்கு மேல் துடிக்க இடமில்லை. ஆகவேதான் நடைக்கும் மெல்லோட்டத்துக்கும் பெரிய பாதிப்பு இல்லை, வேக ஓட்டத்துக்கு மட்டும் அடி விழுகிறது.

சிறுநீரகம் இந்தக் குறைவை உணர்ந்து எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். எலும்பு மஜ்ஜை அதைக் கேட்டுப் புதுச் சிவப்பணுக்களை உற்பத்தி செய்யத் தொடங்கும். பெரும்பாலானோருக்கு இரண்டு, மூன்று வாரத்தில் ஓட்டம் பழைய நிலையை நெருங்கிவிடும்; ஹீமோகுளோபின் முழுதாகத் திரும்ப நான்கு முதல் எட்டு வாரம் ஆகலாம். அதுவரை வேகத்தைப் பார்த்து ஓடாதீர்கள், நாடித் துடிப்பைப் பார்த்து ஓடுங்கள் என்பேன். போட்டிக்கு முந்தைய ஒரு மாதத்தில் ரத்த தானம் வேண்டாம்.

தானம் செய்த அன்றைய கதை வேறு. அன்று பயப்பட வேண்டியது மயக்கத்துக்கு. கடும் உடற்பயிற்சியில் தோலிலும் தசையிலும் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். சட்டென்று நின்றால் ரத்தம் கால்களிலேயே தேங்கிவிடும். ஏற்கெனவே அளவு குறைந்த உடலில் ரத்த அழுத்தம் சரிய இது போதும். ட்ரெட்மில்லிலிருந்து இறங்கிய வேகத்தில் சரிந்து, நெற்றியில் தையலோடு வந்த ஓர் இளைஞரைப் பார்த்திருக்கிறேன். அன்று முழுதும் தண்ணீர் நிறையக் குடித்து ஓய்வாக இருப்பதே நல்லது. ஊசி குத்திய கையால் பளு தூக்கினால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கன்றிப்போகும்.

ரத்த வங்கியில் "நாளை முதல் வழக்கம்போல் இருக்கலாம்" என்று அவரிடம் சொன்னார்களாம். தவறில்லை. அவருடைய வழக்கம் என்ன என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களான பிளேட்லெட்டை மட்டும் கொடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. சிவப்பணுக்கள் உடலுக்கே திரும்பச் செலுத்தப்பட்டுவிடுகின்றன.

எல்லாவற்றையும்விட மெதுவாகத் திரும்புவது இரும்புச்சத்து. ஒரு முறை ரத்தம் கொடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகிறது. உணவிலிருந்து உடல் உறிஞ்சுவதோ நாளுக்கு ஓரிரு மில்லிகிராம்தான். அதிலும் பெரும்பகுதி அன்றாட இழப்புக்கே சரியாகிவிடும். எனவே கையிருப்பு நிரம்பப் பல மாதங்கள் பிடிக்கலாம். மாதவிடாய் உள்ள பெண்களும் அடிக்கடி ரத்தம் கொடுப்பவர்களும் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரையைத் தானாகத் தொடங்காமல் பரிசோதித்துவிட்டு எடுப்பது நல்லது. சாப்பாட்டோடு தேநீர், காபி குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும்.

ஐந்து வாரம் கழித்து அவர் வந்தபோது மெல்லோட்டத்தில் துடிப்பு 139. ஆறு சுற்றும் ஓடி முடிக்கிறார். ஹீமோகுளோபினும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஃபெரிட்டின் மட்டும் குறைவு, 14தான். வருடத்துக்கு மூன்று முறை கொடுக்கிறவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த தானத்துக்கான தேதியைக் கைப்பேசியில் குறித்து வைத்திருந்தார். அதை நான்கு மாதம் தள்ளிப் போடச் சொன்னேன். முகம் வாடினாலும், என் எதிரிலேயே மாற்றிக் குறித்துக்கொண்டார்.