பயப்பட வேண்டிய கையெழுத்து ஆபரேஷன் படிவத்தில் இல்லை

போன மாதமும் ஒரு தம்பதி வந்தார்கள். பையனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது, சட்டை போட அம்மாதான் அந்தக் கையைப் பிடித்து நுழைக்க வேண்டும். பிறந்த அன்றே பாட்டி கவனித்து, "ஒரு கை அசையலையே" என்று கேட்டிருக்கிறார். நரம்பு கொஞ்சம் இழுத்திருக்கிறது, மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சரியாகவில்லை. இவ்வளவு நாள் ஏன் யாரிடமும் போகவில்லை என்று கேட்டேன். "நாங்கதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டோமே மேடம்" என்றார் அப்பா.

நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். பிரசவத்தில் காயம்பட்ட குழந்தையோடு வருகிற பெற்றோர்களிடம் இந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இல்லை. இந்த ஒரு தவறான எண்ணத்தால் பிள்ளைகளின் உரிமை காலாவதி ஆகிக்கொண்டிருக்கிறது. அதனால் முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

சிசேரியனுக்கு முன்பு, நள்ளிரவில், கணவரிடமோ மாமனாரிடமோ ஒரு தாளை நீட்டுவார்கள். படிக்க நேரம் இருக்காது, படிக்கும் மனநிலையும் இருக்காது. அது சம்மதப் படிவம். இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ள ஒப்புக்கொள்கிறேன், இதில் இன்னின்ன ஆபத்து வரலாம் என்று எனக்குச் சொன்னார்கள் என்பதுதான் அதன் பொருள். அவ்வளவுதான். எல்லாக் கவனத்தோடும் செய்தாலும் வரக்கூடிய சிக்கல்களை மட்டும்தான் அந்தக் கையெழுத்து ஏற்றுக்கொள்கிறது. கவனக்குறைவாக நடந்துகொள்ள யாரும் யாருக்கும் சம்மதம் தர முடியாது. "எது நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தாலும் அந்த வரியைக் காட்டி அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. பேருந்தில் டிக்கெட் வாங்கிவிட்டோம் என்பதற்காக டிரைவர் தூங்கிக்கொண்டே ஓட்டலாம் என்று ஆகிவிடுமா?

இன்னொன்றும் உண்டு. சம்மதம் என்பது வெறும் கையெழுத்து அல்ல, என்ன செய்யப் போகிறோம், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று போதுமான தகவல் சொல்லி வாங்க வேண்டியது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. ஆகவே அந்தப் படிவம் சில சமயம் உங்களுக்கே சாட்சியாகும். எத்தனை மணிக்கு வாங்கினார்கள், எந்தச் சிகிச்சைக்கு வாங்கினார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. காலை பத்து மணிக்கே குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று குறிப்பு இருந்து, சிசேரியனுக்குக் கையெழுத்து வாங்கியது மதியம் மூன்று மணிக்கு என்றால், அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றி மருத்துவமனைதான் பதில் சொல்ல வேண்டும்.

பயப்பட வேண்டிய கையெழுத்துகள் வேறு. அவற்றைத்தான் நம் ஆட்கள் யோசிக்காமல் போடுகிறார்கள்.

ஒன்று, குழந்தையின் நிலை மோசமானதும் "வேறு இடத்துக்குக் கொண்டு போங்க" என்று அவர்களே சொல்லிவிட்டு, "எங்கள் சொந்த விருப்பத்தில், மருத்துவர் ஆலோசனையை மீறி அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதி வாங்குவது. நீங்கள் விரும்பிப் போகவில்லை என்றால் அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். "மருத்துவமனை பரிந்துரைத்ததால் அழைத்துச் செல்கிறோம்" என்று உங்கள் கையாலேயே எழுதி, நேரத்தையும் போட்டுக் கையெழுத்திடுங்கள். இன்னொன்று, பத்து நாள் கழித்து ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கொஞ்சம் பணம் கொடுத்து, ஸ்டாம்ப் பேப்பரில் "இனி எந்த வழக்கும் இல்லை" என்று வாங்கும் சமரசப் பத்திரம். குழந்தை எப்போது உட்காரும், நடக்குமா, பேசுமா என்று யாருக்கும் தெரியாத நாளில் அதன் வாழ்நாள் முழுமைக்கும் விலை பேசி முடிக்கிறீர்கள். அதை ஒரு வக்கீலிடம் காட்டாமல் தொடவே தொடாதீர்கள். குழந்தையின் பெயரில் வழக்கு நடக்கும்போது சமரசம் செய்வதென்றால்கூட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டம் வைத்திருப்பது சும்மா இல்லை.

சரி, ஆவணத்துக்கு வருவோம். வருகிறவர்கள் பில்லைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். கேஸ் ஷீட் இருக்காது. டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் முடிந்த பிறகு எழுதியது. எனக்கு வேண்டியது அந்தந்த நேரத்தில் எழுதியது: பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் பார்ட்டோகிராஃப், வலி வர வைக்கும் ஊசி மருந்து எத்தனை மணிக்கு எந்த அளவில் ஏறியது, நர்ஸ் குறிப்புகள், குழந்தையின் மூச்சு, துடிப்பு, அசைவு எப்படி இருந்தது என்று பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் போட்ட ஆப்கார் மதிப்பெண், குழந்தை அழாதபோது என்ன செய்தார்கள், குழந்தை மருத்துவர் எப்போது வந்தார் என்பவை. குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் சிடிஜி தாள் கிடைத்தால் அன்றே நகலெடுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் தெர்மல் பேப்பர், கடை பில் மாதிரி மங்கிப்போகும். மங்கி வெளுத்த சிடிஜி தாளை வைத்துக்கொண்டு எந்த வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதைக் கேட்பது உங்கள் உரிமை. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணத்தைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுதிக் கேளுங்கள். ரிசப்ஷனில் நின்று சண்டை போட்டது சாட்சி ஆகாது. கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள், தபாலில் என்றால் ஒப்புதல் சீட்டோடு அனுப்புங்கள். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். நான் சொன்ன பையனின் பெற்றோர் கேட்டபோது, மூன்று ஆண்டு முடிந்ததால் அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. விதிப்படி அதில் குற்றம் சொல்ல வழியில்லை.

காலக்கெடு அதைவிடக் குறைவு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் 69-ஆவது பிரிவு 2 ஆண்டுதான் தருகிறது. பாதிப்பு வெளியே தெரியாத வகை என்றால், தெரிய வந்த நாளிலிருந்து கணக்கு. ஆனால் பிறந்த அன்றே தொங்கிய கைக்கு அன்றைக்கே கணக்கு தொடங்கிவிடும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் நுகர்வோர் ஆணையம் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். குழந்தையின் பெயரில் சிவில் வழக்குப் போடும் வாய்ப்பு நீண்ட காலம் திறந்திருக்கும், காரணம் 18 வயதுவரை காலக்கெடு அதற்கு எதிராக ஓடி முடியாது. அந்தப் பையனுக்கு இப்போது அந்த வழியைத்தான் பார்க்கிறோம். கேஸ் ஷீட் இல்லாமல்.

இங்கே டாக்டர்களுக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். காயம் வேறு, அலட்சியம் வேறு. மூளை முடக்குவாதம் வந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அது பிரசவ நேரத்துத் தவறால் வந்தது அல்ல. குறைப்பிரசவம், கருவிலேயே தொற்று, மூளை வளர்ச்சிக் கோளாறு என்று பல காரணங்கள் உண்டு. தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்வதை முன்கூட்டியே கணிக்க முடியாமல் போவதும் உண்டு. அங்கே நாங்கள் கேட்கும் கேள்வி, சிக்கிய பிறகு என்ன செய்தார்கள் என்பது. தாயின் கால்களை மடக்கிப் பிடித்து முறைப்படி எடுத்தார்களா, அல்லது மேல்வயிற்றை அமுக்கிக்கொண்டு தலையைப் பிடித்து இழுத்தார்களா? தாய்க்குச் சர்க்கரை இருந்ததா, குழந்தை பெரியதாக இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தும் யாரும் யோசிக்கவில்லையா? ஆவணம் பார்த்துவிட்டு, இதில் வழக்கு இல்லை என்று நான் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. அந்தப் பதிலும் அவர்களுக்குத் தேவையாகத்தான் இருந்தது.

எங்கே போவது? கோபத்தில் எல்லோரும் முதலில் போலீசுக்குத்தான் ஓடுகிறார்கள். சாதாரணக் கவனக்குறைவு போதாது, குற்றவழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும், புகாரை எடுக்கும் முன் சார்பற்ற மருத்துவரின் கருத்து வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் வரையறுத்துவிட்டது. மருத்துவமனைக் கண்ணாடியை உடைத்தால் ஜாமீனில் வர முடியாத வழக்கு உங்கள் மேல்தான் வரும். அப்புறம் அந்த வழக்கை வாபஸ் வாங்க, குழந்தையின் வழக்கை விட்டுக்கொடுப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அங்கே டாக்டர் மேல் நடவடிக்கை வரலாம், உங்களுக்கு ஒரு ரூபாய் இழப்பீடு வராது.

இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம். கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே தீர்ப்பாகிவிட்டது. பில்லைக் காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தாலும் அது இலவசச் சேவை ஆகாது. எந்த ஆணையம் என்பதை நீங்கள் கட்டிய கட்டணம்தான் முடிவு செய்யும், கேட்கும் இழப்பீடு அல்ல. பிரசவச் செலவு 50 லட்சத்துக்குள்தானே இருக்கும், ஆகவே உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. குழந்தையும் நுகர்வோர், பெற்றோரும் நுகர்வோர், இருவருக்கும் தனித்தனியாக இழப்பீடு உண்டு என்பது 1998 தீர்ப்பு.

எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை பொதுவாக அந்தச் சட்டத்துக்கு வெளியே. அதனால் கேட்கவே முடியாது என்று அர்த்தமில்லை. சிவில் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இருக்கின்றன. அரசு மருத்துவமனை மேல் நுகர்வோர் ஆணையத்திலேயே இழப்பீடு கிடைத்த வழக்கும் உண்டு. 1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-ஆவது வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் பாதிப்புக்கான பரிசோதனையைச் செய்யவில்லை, செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. பார்வை போய்விட்டது. தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம். 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ஆக்கியது. அந்தத் தொகை அனுதாபத்தில் வந்ததல்ல. செய்த செலவையும், இனி வாழ்நாளெல்லாம் ஆகப்போகும் செலவையும், விலைவாசி ஏறுவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். (34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தை வீட்டில் இருந்தால், கண் பரிசோதனை பிறந்து 30 நாளுக்குள் நடக்க வேண்டும். யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள்.)

வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வழக்கு எப்போது முடியும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. குழந்தையின் நரம்பும் மூளையும் அதுவரை காத்திருக்காது. அசையாத கைக்கு அறுவை சிகிச்சை தேவையா என்று முடிவெடுப்பது முதல் சில மாதங்களில்தான். அதனால் வழக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு இந்த வாரமே கொண்டு போங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள். பிசியோதெரபி ரசீது, ஆட்டோ செலவு, உங்கள் வேலை போன நாட்கள் என்று எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இழப்பீடு கணக்கிடும்போது ஆணையம் அதைத்தான் கேட்கும்.