கஞ்சாவும் பதற்ற மாத்திரையும் சேரும்போது

தீராத மனப்பதற்றத்துக்கு அல்ப்ரசோலம், குளோனசெபம் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களில் சிலருக்குக் கஞ்சாப் பழக்கமும் இருக்கிறது. பெரும்பாலும் டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள். அவசியம் சொல்ல வேண்டிய விஷயம் இது.

மாத்திரை வேலை செய்யும் விதம் ஓரளவு நேரடியானது. மூளையில் நரம்புகளின் பரபரப்பைத் தணிக்கும் வேதிப்பொருள் காபா. அது நரம்பு செல்லின் மேல் தனக்கென உள்ள ஏற்பியில், அதாவது தன்னை ஏற்கும் இடத்தில், போய் ஒட்டியதும் அங்குள்ள நுண்ணிய வாசல் திறக்கும். குளோரைடு அயனிகள் உள்ளே பாயும். நரம்பு செல் அடங்கும். அல்ப்ரசோலம், குளோனசெபம் அடங்கிய பென்சோடயசெபைன் வகை மாத்திரைகள் அந்த வாசலை அடிக்கடி திறக்கச் செய்கின்றன, அவ்வளவுதான்.

கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி. அப்படியல்ல. அது ஒட்டுவது சி.பி.1 என்ற ஏற்பியில். செய்தி அனுப்பும் நரம்பின் நுனியில் இருக்கும் இந்த ஏற்பி, அந்த நரம்பு எதை வெளியிடுகிறதோ அதைக் குறைத்துவிடும். தூண்டிவிடும் நரம்பாக இருந்தால் குறைவது பரபரப்பு. காபாவை வெளியிடும் நரம்பாக இருந்தாலோ, குறைவது அமைதி! குறைந்த அளவில் நிதானம் தரும் அதே கஞ்சா, அளவு கூடினால் நெஞ்சு படபடக்க வைப்பதற்கு இது ஒரு காரணம்.

சேர்த்து எடுத்தால் தூக்கக் கலக்கமும் தடுமாற்றமும் கூடும். அந்த நிலையில் வண்டி ஓட்டுவது ஆபத்து.

அப்புறம் கல்லீரல். கஞ்சாவின் இன்னொரு பொருளான சி.பி.டி.க்குப் போதை கிடையாது. அதனால் பாதிப்பில்லாதது என்று பலர் எண்ணெயாக வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் மருந்தாகக் கொடுக்கும் அளவில் அது, பல மாத்திரைகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை மந்தமாக்குகிறது. அதே பென்சோடயசெபைன் வகையைச் சேர்ந்த குளோபசாம் மாத்திரையோடு அதைக் கொடுத்தபோது, குளோபசாமிலிருந்து உடலில் உருவாகும் வீரியமுள்ள பொருளின் அளவு ரத்தத்தில் சுமார் 3 மடங்கு உயர்ந்தது. மாத்திரையின் அளவு மாறவில்லை, உடம்பு உணர்ந்தது மட்டும் வேறு.

கஞ்சாவை நிறுத்தினாலும் குழப்பம் உண்டு. தினமும் புகைப்பவர் விட்டால் ஓரிரு நாளில் பதற்றம், எரிச்சல், தூக்கமின்மை தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் 2 வாரங்களில் தணியும். கஞ்சா விஷயம் தெரியாத டாக்டர் இதைப் பழைய நோய் முற்றியதாக நினைத்து மாத்திரையைக் கூட்டிவிடலாம். மாத்திரையை நிறுத்துவது இன்னும் கவனமான வேலை: நாள்பட எடுத்த பென்சோடயசெபைனைச் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். டாக்டரின் கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.