பாழடைந்த கட்டடத்துக்குள் கால் வைக்கும் முன்

பூட்டிக் கிடக்கும் பழைய மாளிகையைக் கண்டால் எனக்கும் கால் பரபரக்கும். பழைய கட்டடங்களை அளந்து ஆவணப்படுத்துவதுதான் என் தொழில். ஆனாலும் முதல் ஒரு மணி நேரம் நான் உள்ளே போவதே இல்லை. வெளியே சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பேன்.

இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது ஒரு மரத்தளம். தொழிலுக்கு வந்த புதிதில், அறையின் நடுவில் நடந்தால்தான் ஆபத்து, சுவரை ஒட்டி நடந்தால் பயமில்லை என்று நம்பியிருந்தேன். ஒரு மாடியில் அப்படி நடந்தபோது சுவரோரத்திலேயே பலகை முறிந்து, ஒரு கால் தொடை வரை இறங்கிவிட்டது. உத்திரத்தின் நடுப்பகுதி காற்றோட்டத்தில் உலர்ந்து திடமாகத்தான் இருந்தது. சுவருக்குள் பதிந்திருந்த அதன் முனை, வருடக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சி இற்றுப்போயிருந்தது. அப்புறம் வெளியே வந்து பார்த்தேன். அதே சுவரில் மழைநீர்க் குழாய் உடைந்து, மேலிருந்து கீழ் வரை பச்சைப் பாசி. முதலிலேயே பார்த்திருந்தால் அந்த அறைக்குப் போயிருக்கவே மாட்டேன்.

விரிசலையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். உள்ளே தூசியும் பழைய வண்ணமும் ஏறியிருந்தால் அது எப்போதோ விட்ட விரிசல். ஓரம் கூராக, உட்புறம் சுத்தமாக இருந்தால் சுவர் இப்போதும் நகர்ந்துகொண்டிருக்கலாம். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வௌவால், பறவை எச்சம் குவிந்த இடத்தில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரக்கூடும். கிளறினால் தூசியோடு நுரையீரலுக்குள் போய்விடும். கைக்குட்டை போதாது, என்95 முகக்கவசம் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைக்காதீர்கள். நிலவறையில் வாசனையே இல்லாத கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கலாம், இறங்கவே வேண்டாம். உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள்.

எங்கள் தொழிலின் முக்கியமான முறை ஒன்று பிறந்ததே இப்படியோர் ஆபத்திலிருந்துதான். 1858-ல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் பேராலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மெய்டன்பவர் உயரத்திலிருந்து விழப் பார்த்தார். ஏறி அளப்பதற்குப் பதிலாகப் புகைப்படத்திலிருந்தே அளவு எடுக்க முடியாதா என்று அவர் யோசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதுவே போட்டோகிராமெட்ரி. 1885-ல் பெர்லினில் அதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் வந்தது. இன்று நம் கைபேசியே அந்த வேலையைச் செய்கிறது: முந்தைய படத்தில் இருந்ததில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் தெரியும்படி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து எடுத்தால் போதும். எட்டாத இடத்துக்கு ஏற வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் இருட்டும் ஒளிக்கீற்றுமாக அழகான நூறு படங்கள் இருந்தும், எந்த அறை, எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று தெரியாவிட்டால் பழுதுபார்க்க வருபவருக்கு அவை உதவாது. தாளில் கையால் ஒரு வரைபடம் போட்டு, அறைகளுக்கு எண் கொடுங்கள். நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொரு படம். ஒரு படத்திலாவது அளவுகோல் தெரிய வேண்டும். சுவரை அளக்கும்போது துண்டு துண்டாக அளந்து கூட்டாதீர்கள், பிழையும் சேர்ந்து கூடிவிடும். டேப்பை ஒரு முனையில் வைத்து, கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அங்கிருந்தே வரிசையாகப் படியுங்கள். மூலைக்கு மூலை குறுக்கேயும் அளக்க வேண்டும். பழைய அறைகள் சரியான செவ்வகமாக இருப்பது அபூர்வம்.

பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தை 2010-ல் ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் லேசர் கருவியால் அங்குலம் அங்குலமாக அளந்து வைத்தார். 2018-ல் அவர் இறந்துவிட்டார். 2019 ஏப்ரல் 15 அன்று அதன் கூரை எரிந்தது. மீட்டுக் கட்டும் வேலைக்கு அவருடைய அளவுகள் கைகொடுத்தன.

நான் எடுப்பதில் ஒரு பிரதி உரிமையாளருக்கு, ஒன்று ஏதாவதோர் ஆவணக் காப்பகத்துக்கு, இரண்டிலும் தேதி இருக்கும். பொதுவில் பகிரும் படங்களிலிருந்து இடக் குறியீட்டை, அதாவது படம் எங்கே எடுக்கப்பட்டது என்று காட்டும் தகவலை, நீக்கிவிடுவேன். ஆளில்லாத வீட்டில் வேலைப்பாடுள்ள கதவு இருக்கிறது என்ற செய்தி, அதைப் பெயர்த்துக்கொண்டு போகிறவர்களுக்கும் போய்ச் சேரும்.