கட்டாயப்படுத்தினாங்கன்னு சொன்னாத்தான் பொண்ண ஏத்துக்குவோமா?

ஒரு தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்தாங்க, உட்கார்றதுக்கு முன்னாடியே அவங்க போனை என் கையில குடுக்கப் பார்த்தாங்க, "நீங்களே பாருங்க மேடம், என் வாயால சொல்ல முடியாது"ன்னு. நான் வாங்கல. அதுல என்ன இருக்குன்னு அவங்க முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுது, அதோட அவங்க பொண்ணு வெளிய நாற்காலியில உட்கார்ந்திருக்கா, அவளைக் கேட்காம அவ உடம்பை இன்னொரு ஆள் பார்க்கறது எனக்கு சரியா படல.

16 வருஷமா சிங்கப்பூர்ல கவுன்சிலிங் பண்றேன். இதுல வர்ற விவரங்களை யாருன்னு கண்டுபிடிக்க முடியாதபடி மாத்திட்டேன், அம்மா பொண்ணு ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதறேன்.

பொண்ணுக்கு 26 வயசு. வெளிநாட்டுல படிக்கும்போது, 20 வயசுல, காசுக்காக நாலஞ்சு ஆபாசப் படத்துல நடிச்சிருக்கா. அப்புறம் விட்டுட்டா, படிப்பை முடிச்சா, ஊருக்கு வந்து வேலைக்குச் சேர்ந்தா, கல்யாணப் பேச்சும் ஆரம்பிச்சுது. அப்போதான் சொந்தக்காரர் ஒருத்தர் அந்த வீடியோவை எங்கயோ பார்த்து, "இது உங்க பொண்ணு மாதிரி இருக்கே"ன்னு அம்மாவுக்கே அனுப்பிட்டாரு. அனுப்பினவரு நல்ல மனுஷராம், கோயில் காரியம் எல்லாம் முன்னால நின்னு செய்வாராம். அவரு அதை எப்படிப் பார்த்தாரு, எதுக்குப் பார்த்தாருன்னு அந்தக் குடும்பத்துல ஒருத்தர் கூடக் கேட்கல, எனக்கு இப்போ நினைச்சாலும் ஆத்திரமா வருது.

முதல் நாள் அந்த அம்மா என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான். "மேடம், அவளை யாரோ மிரட்டித்தானே செய்ய வெச்சிருக்காங்க? நீங்க கேட்டா உண்மையைச் சொல்லுவா. அப்படி மட்டும் இருந்துட்டா நான் அவளை மடியில போட்டுக்குவேன்."

பொண்ணுகிட்ட கேட்டா, "அக்கா, பாதி நானாத்தான் போனேன், பாதி ஏமாத்திட்டாங்க, எது எந்தப் பாதின்னு எனக்கே பிரிக்கத் தெரியல"ன்னா. இதை நான் நிறைய பேர்கிட்ட வேற வேற வார்த்தையில கேட்டிருக்கேன். மாடலிங்னு விளம்பரம் பார்த்துப் போயிருக்கா, அங்க போனப்புறம்தான் என்ன படம்னு சொல்லியிருக்காங்க, இன்டர்நெட்ல வராதுன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க, வாடகை ரெண்டு மாசம் பாக்கி, கையெழுத்துப் போட்டுட்டா. அடுத்த தடவை எல்லாம் தெரிஞ்சேதான் போனா.

இந்த "இன்டர்நெட்ல வராது"ங்கற பொய் ரொம்பப் பழசு. அமெரிக்காவுல சான் டியேகோவுல ஒரு கும்பல் இதையே தொழிலா வெச்சிருந்தாங்க, 18, 20 வயசுப் பொண்ணுங்களை மாடலிங்னு விமானத்துல வரவழைச்சு, ஆஸ்திரேலியா நியூசிலாந்துல டிவிடியா மட்டும்தான் விப்போம், உங்க ஊர்ல யாருக்கும் தெரியாதுன்னு நம்ப வெச்சு எடுத்து, உடனே நெட்ல ஏத்திட்டாங்க. 22 பொண்ணுங்க சேர்ந்து கேஸ் போட்டு, 2020 ஜனவரியில கோர்ட் 1 கோடியே 20 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு. அந்த 22 பேரும் கையெழுத்துப் போட்டவங்கதான். கையெழுத்து இருக்கறதால ஏமாத்தினது ஏமாத்தலைன்னு ஆயிடாது, இதை அந்த அம்மாவுக்குப் புரிய வைக்கவே எனக்கு ரெண்டு செஷன் ஆச்சு.

லிண்டா போர்மன் கதையை நான் அடிக்கடி சொல்லுவேன். 1972-ல வந்த ஒரு ஆபாசப் படத்தால லிண்டா லவ்லேஸ்ங்கற பேர்ல உலகம் பூரா தெரிஞ்சவங்க. அந்தப் படத்துக்கு அவங்களுக்குன்னு குடுத்த சம்பளம் 1,250 டாலர், அதையும் புருஷனே வாங்கிக்கிட்டாருன்னு பின்னால சொன்னாங்க. 70-கள்ல அவங்க பேர்ல வந்த புத்தகங்கள்ல எல்லாம் சந்தோஷமா விரும்பிச் செஞ்சேன்னு இருந்துச்சு. 1980-ல வந்த சுயசரிதையில, புருஷன் அடிச்சு, துப்பாக்கியைக் காட்டி செய்ய வெச்சான்னு எழுதினாங்க. உடனே ஊரே கேட்டுச்சு, அப்போ சிரிச்சியே, இப்போ அழறியே, எது பொய்னு. புத்தகம் போட்டவங்களே பொய் கண்டுபிடிக்கற மெஷின்ல அவங்களை உட்கார வெச்சுத்தான் அச்சுக்கு விட்டாங்க. 1986-ல ஆபாசப் படங்களைப் பத்தி விசாரிச்ச அமெரிக்க அரசு கமிஷன் முன்னாடியும் சாட்சி சொன்னாங்க. 2002-ல கார் விபத்துல இறந்தாங்க, 53 வயசு. இன்னிக்கும் அவங்க பேரைச் சொன்னா முதல்ல வர்றது அந்த 1972 படம்தான்.

அடிவாங்கற வீட்டுல இருக்கற பொண்ணு வெளிய சிரிச்சுப் பேசறதை நாம பார்த்ததே இல்லையா? நம்ம அடுக்குமாடி புளோக்லயே இருக்காங்க. சிரிச்சா சம்மதம்னு எடுத்துக்கறது ரொம்பத் தப்பு.

ஆனா இங்கதான் நான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். லிண்டா கதையைக் கேட்ட உடனே அந்த அம்மா, "பார்த்தீங்களா, என் பொண்ணுக்கும் இதுதான் நடந்திருக்கும்"னு பிடிச்சுக்கிட்டாங்க. அப்படி இல்ல. எல்லாரையும் யாரோ துப்பாக்கியைக் காட்டி இழுத்துட்டு வந்தாங்கன்னு சொன்னா அது நிஜம் இல்ல. நினா ஹார்ட்லினு ஒருத்தங்க, 1985-ல சான் பிரான்சிஸ்கோவுல நர்சிங் டிகிரி வாங்கினவங்க, நானா யோசிச்சுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்னு பல வருஷமா சொல்லிட்டு வர்றாங்க, பாலியல் கல்வி பத்தி எழுதறாங்க, பேசறாங்க. கேண்டிடா ராயல்னு இன்னொருத்தங்க, இந்தப் படங்கள்ல நடிச்சு முடிச்சு, 1984-ல சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சு, பொண்ணுங்க பார்வையில படம் எடுக்கறேன்னு கேமராவுக்குப் பின்னாடி போனாங்க, சின்ன வயசுல இருந்து டைரி எழுதினவங்க, 2015-ல புற்றுநோய்ல இறந்தப்புறம் அந்த டைரி எல்லாம் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்துல பாதுகாப்பா இருக்கு. அவங்க சொல்றதை நாம ஏத்துக்கணும்னு அவசியம் இல்ல. எனக்கும் அந்தத் தொழில் மேல நல்ல அபிப்பிராயம் கிடையாது, அதுல காசு பார்க்கறவன் ஒருத்தன், பேர் கெடறது இன்னொருத்தி. ஆனா அவங்க வாழ்க்கையைப் பத்தி அவங்க சொல்றதைக் காது குடுத்துக் கேட்கணும்.

ஏன்னா, கட்டாயப்படுத்தினாங்கன்னு சொன்னா மட்டும்தான் வீட்டுக்குள்ள சேர்ப்போம்னு நாம ஒரு விலை வெச்சிருக்கோம். அந்த விலையைக் குடுக்க அந்தப் பொண்ணு தன் கதையை மாத்திச் சொல்ல வேண்டி வருது. பாதி உண்மையை முழுங்கினவளுக்கு மனசு எப்படி ஆறும்? முழுங்கின பாதி ராத்திரி தூக்கத்துல வருது, நெஞ்சு படபடப்பா வருது, குளியலறையில மணிக்கணக்கா நிக்கறதா வருது. நான் அவகிட்ட சொன்னது, "நீ எந்தப் பக்கமும் நிரூபிக்க வேண்டாம், நடந்ததை நடந்த மாதிரியே இங்க சொல்லு".

பெருசா மருந்து எதுவும் இல்ல, பேசறதுதான். 1983-ல நியூயார்க்ல இந்தத் தொழில்ல இருந்த சில பொண்ணுங்க, அவங்கள்ல ஒருத்திக்கு வளைகாப்பு மாதிரி ஒரு விசேஷம் வெச்சாங்க, அங்க ஆரம்பிச்ச பேச்சு நிக்கவே இல்ல, மாசாமாசம் அவங்கள்ல ஒருத்தரான ஆன்னி ஸ்பிரிங்கிள் வீட்டுல கூட ஆரம்பிச்சாங்க, கதவு நம்பர் 90, அதனால கிளப் 90-னு பேர் வெச்சாங்க. காசு, புருஷன், அம்மா, வயசாகறது, அடுத்து என்ன வேலைக்குப் போறதுன்னு எல்லாமே அங்க பேசினாங்க. நடிச்சது போதும்னு சிலர் எழுத வந்ததுக்கும், சிலர் படிக்கப் போனதுக்கும் அந்தக் கூட்டம் தைரியம் குடுத்துச்சு, பல வருஷம் அந்த நட்பு நீடிச்சுது. வேற யாரும் உள்ள விடாதப்போ அவங்களே ஒரு வீடு கட்டிக்கிட்டாங்க.

இது ஏதோ வெள்ளைக்காரங்க ஊர் விவகாரம்னு நினைக்காதீங்க. அன்னபெல் சோங்குங்கற பேர்ல 1995-ல ஒரு ஆபாசப் படத்தால உலகம் பூரா செய்தியான பொண்ணு சிங்கப்பூர்ல பிறந்தவங்க, இங்க நல்ல ஸ்கூல்ல படிச்சவங்க, அமெரிக்காவுல யுனிவர்சிட்டியில படிக்கும்போது அந்தப் படம். பேசின 10,000 டாலர் கைக்கு வரலைன்னு சொன்னாங்க. 1999-ல அவங்களைப் பத்தி ஒரு ஆவணப்படம் வந்துச்சு, அதுல சிங்கப்பூருக்கு வந்து அவங்க அம்மாகிட்ட உண்மையைச் சொல்ற இடம் இருக்கு, அந்த அம்மாவுக்கு அதுவரைக்கும் எதுவும் தெரியாது. அந்த அம்மா அழறதையும் கேமரா எடுத்துச்சு. அப்புறம் அவங்க அந்தத் தொழிலை விட்டுட்டு கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிட்டாங்க, 2003-ல அந்தப் பேரையே முடிச்சுக்கிட்டதா அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, விட்டுட்டுப் போன மனுஷியை நாமளும் விட்டுடலாம்ல?

ஷகீலா அம்மாவை நமக்கு எல்லாருக்கும் தெரியும். ரெண்டாயிரமாவது வருஷ வாக்குல மலையாளத்துல அவங்க படம் வந்தா பெரிய ஹீரோ படங்களே தள்ளிப் போற அளவுக்கு ஓடுச்சு. சில காட்சியில நடிச்சது நான் இல்ல, வேற ஆளை வெச்சு எடுத்தாங்கன்னு அவங்க பேட்டியில சொல்லியிருக்காங்க, சம்பாதிச்ச காசு குடும்பத்துல போச்சு, தன் கையில நிக்கலைன்னும் சொல்லியிருக்காங்க. மலையாளத்துல சுயசரிதையும் எழுதினாங்க. அப்புறம் விஜய் டிவியில சமையல் நிகழ்ச்சிக்கு வந்தாங்க, சின்னப் பசங்க எல்லாம் அம்மா அம்மான்னு சுத்தி வந்தாங்க.

நான் அந்த அம்மாகிட்ட கேட்டேன், அந்த நிகழ்ச்சி பார்ப்பீங்களான்னு. "ஒரு வாரம் விட மாட்டேன் மேடம், அந்தம்மா மாதிரி பாசமா யாரு இருப்பா"ன்னாங்க. சொல்லிட்டு அப்படியே நிறுத்திட்டாங்க. ரொம்ப நேரம் பேசல, கைப்பையோட ஜிப்பைத் திறந்து திறந்து மூடிட்டு இருந்தாங்க. அப்புறம் மெதுவா, "ஊர் வாயை மூட உலைமூடி இல்லையே மேடம்"னாங்க. ஊர் வாய் பத்தி அப்புறம் பேசலாம், இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுல சாப்பாட்டு மேசையில அவ உட்காருவாளான்னு கேட்டேன். மூணு வாரமா அவ ரூம்லயே தட்டை வெச்சுச் சாப்பிட்டுட்டு இருந்திருக்கா.

சட்ட விஷயம் கொஞ்சம் சொல்லிடறேன், நிறைய பேர் பயத்துல தப்பு பண்ணிடறாங்க. சிங்கப்பூர்ல இந்த மாதிரி படம் எடுக்கறதும் விக்கறதும் குற்றம், ஆன்லைன்ல சந்தா வாங்கி போட்டோ வீடியோ போடறதும்தான், 2022-ல ஒரு இளைஞருக்கு 3 வாரம் ஜெயிலும் 3,000 வெள்ளி அபராதமும் குடுத்தாங்க. வீட்டுல இருந்து சுலபமா சம்பாதிக்கலாம்னு பாலிடெக்னிக் பசங்க நினைக்கறாங்க, இதைத் தெரிஞ்சுக்கோங்க. அதே நேரம், ஒருத்தரோட அந்தரங்கப் படத்தை அவங்க சம்மதம் இல்லாம பரப்பறதும், பரப்பிடுவேன்னு மிரட்டறதும் தண்டனைச் சட்டம் 377பிஇ பிரிவுல குற்றம், 2020 ஜனவரி 1-ல இருந்து நடப்புல இருக்கு, 5 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம், பிரம்படி கூட உண்டு. முகத்தை ஒட்டிப் பண்ற போலிப் படமும் இதுல வரும். 2019-ல ஆபாசப் படங்களைப் பரப்பின, நாசி லெமாக்னு பேர் வெச்ச டெலிகிராம் குரூப்ல 44,000 பேர் கிட்ட இருந்தாங்க, நடத்தினதுக்காக ஆளுங்களைப் பிடிச்சாங்க. நாமளும் தப்பு பண்ணியிருக்கோமே, போலீசுக்குப் போனா நம்மளைப் பிடிப்பாங்களோன்னு பயந்துட்டு மிரட்டறவனுக்குக் காசு அனுப்பிட்டே இருக்காதீங்க, முதல்ல ஒரு வக்கீல்கிட்ட பேசுங்க, சமூக மன்றங்கள்ல இலவச சட்ட ஆலோசனை கிடைக்குது. மிரட்டின மெசேஜை அழிச்சிடாதீங்க. அவேர் அமைப்போட பெண்கள் உதவி எண் 1800 777 5555. உயிரே வேண்டாம்னு தோணினா சிங்கப்பூர்ல 1767 எண்ணுக்குக் கூப்பிடுங்க, ராத்திரி ரெண்டு மணின்னாலும் எடுப்பாங்க.

படம் கசியாம தடுக்க ஸ்டாப்என்சிஐஐன்னு ஒரு சேவை 2021 கடைசியில வந்துச்சு, உங்க படம் உங்க போனை விட்டு வெளிய போகாது, அதோட கைரேகை மாதிரி ஒரு நம்பர் மட்டும் போகும், அதுல சேர்ந்திருக்கற தளங்கள் அந்த நம்பரை வெச்சுத் தடுக்கும். 18 வயசு ஆனவங்களுக்குத்தான் அது. ஆனா காசு வாங்கி கையெழுத்துப் போட்டு நடிச்ச வீடியோவுக்கு இது அவ்வளவு சுலபமா உதவாது, இந்தப் பொண்ணு விஷயத்துல அந்தச் சுவர்லதான் நாங்க முட்டிக்கிட்டோம். ஜப்பான்ல 2022-ல ஒரு சட்டம் போட்டாங்க, ஒப்பந்தம் போட்டு ஒரு மாசம் கழிச்சுத்தான் படம் எடுக்கணும், எடுத்து முடிச்சு நாலு மாசம் கழிச்சுத்தான் வெளியிடணும், வெளியிட்டு ஒரு வருஷம் வரைக்கும் நடிச்சவங்க எந்தக் காரணமும் சொல்லாம ஒப்பந்தத்தை ரத்து பண்ணலாம். அவகிட்ட இதைச் சொன்னப்போ ரொம்ப நேரம் அழுதா. "ஒரு மாசம் குடுத்திருந்தா நான் போயிருக்க மாட்டேன் அக்கா, எனக்கு அன்னிக்கு ஒரு மணி நேரம்தான் குடுத்தாங்க."

கல்யாணப் பேச்சு நின்னு போச்சு. வேலையும் விட்டா, ஆபீஸ்ல யாரும் எதுவும் சொல்லல, சொல்லிடுவாங்களோங்கற பயத்துலயே விட்டா. அந்த சொந்தக்காரர்கிட்ட அவ அப்பா போய் நேருக்கு நேரா, அழிச்சிட்டியா, வேற யாருக்கு அனுப்பினேன்னு கேட்டாரு, நீ இனிமே எங்க வீட்டு விசேஷத்துக்கு வரக்கூடாதுன்னும் சொல்லிட்டாரு. இதை எனக்கு போன் பண்ணிச் சொன்னது அந்த அம்மாதான்.

போன மாசம் அதே அம்மாகிட்ட இருந்து வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, பின்னாடி மிக்ஸி சத்தம். "மேடம், பாப்பாவுக்கு வேலை கிடைச்சிருச்சு, வியாழக்கிழமை ஷிஃப்ட் போட்டுட்டாங்க, நீங்க சனிக்கிழமை இருப்பீங்களான்னு கேட்கச் சொன்னா. இருடி, பேசிட்டு இருக்கேன்ல, தேங்காயை எடுத்து வை."