52 பேய்ப்படங்களும் ஒரு நோட்டும்

கோடு போட்ட பெரிய நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் சட்டத்தை எழுதினேன்: வாரம் ஒரு பேய்ப்படம், ஒரு வருடத்துக்கு 52. படம் முடிந்த கையோடு ஒரு பக்கம் விமர்சனம் எழுதிவிட வேண்டும், தூங்கி எழுந்து அல்ல. அக்டோபர் மாதத்தில் 31 நாளில் 31 திகில் படம் பார்த்து முடிக்கிற ரசிகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எனக்கு அந்த ஓட்டம் ஒத்துவராது. வாரத்துக்கு ஒன்று என்றால் ஒவ்வொரு படத்தையும் நாலு நாள் மனதில் ஊறப் போடலாம்.

பக்கத்தின் மேலே படம் எந்த வகைப் பயத்தைச் சேர்ந்தது என்று குறிப்பேன். இதற்கான பட்டியல் நம்மிடம் எப்போதோ தயாராகிவிட்டது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை (அதாவது அரசன்). பேய், கொடிய மிருகம், கத்தியோடு திரியும் கொலைகாரன் என்று இன்றைய திகில் படங்களில் பெரும்பாலானவை முதல் மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன. பக்கத்தின் ஓரத்தில் இரண்டு எண்கள். எத்தனை தடவை தூக்கிவாரிப் போட்டது என்பது ஒன்று. பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்பது இன்னொன்று.

நாலு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினேன். முதல் எண் அப்படியே இருந்தது. இரண்டாவது எண் வாரத்துக்கு வாரம் இறங்கியிருந்தது. அதே ஆள், அதே அறை, அதே தலையணை; உடம்பு மட்டும் துள்ளிக்கொண்டிருக்கிறது, மனசு பயப்படவில்லை. ஏன் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பேய்ப்படம் நம்மிடம் ஒரு பயத்தைத் தூண்டுவதில்லை, வெவ்வேறு வழியில் ஓடும் இரண்டைத் தூண்டுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

முதலில் அந்தத் துள்ளல். திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் கண் மூடுகிறது, கழுத்து தோளுக்குள் இறங்குகிறது, முழங்கை மடங்குகிறது. 1939-ல் லாண்டிஸ், ஹண்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அதிவேகக் கேமராவில் இதைப் படம் பிடித்து, வரிசை மாறாமல் எல்லாரிடமும் இதே கோலம்தான் என்று காட்டினார்கள். கண் இமை மூட ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் போதும். துள்ளலுக்கான செய்தி காதிலிருந்து கிளம்பி மூளையின் மேல்தளத்துக்குப் போக வேண்டியதில்லை. மூளைத்தண்டில் சில நரம்பு செல்களைத் தொட்டுவிட்டு, நேராக முதுகுத்தண்டு வழியாகத் தசைகளுக்கு இறங்கிவிடுகிறது. என்ன சத்தம், யார் கத்தியது என்று மூளை விசாரிக்கத் தொடங்கும்போது உடம்பு ஏற்கெனவே துள்ளி முடித்திருக்கும். 'இப்போது வரப்போகிறது' என்று தெரிந்தே பார்த்தாலும் துள்ளுவது இதனால்தான்.

இந்தத் துள்ளலும் பழகும், ஆனால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எரிக் கண்டெல் கடல்முயல் என்ற, வெளியே ஓடு தெரியாத கடல் நத்தையை வைத்து இதை ஆராய்ந்தார். 2000-ல் நோபல் பரிசு பெற்றவர். அதன் உடம்பில் லேசாக நீர் பீய்ச்சினால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பப் பீய்ச்சினால், ஆபத்தில்லை என்று கண்டுகொண்டதுபோல் இழுப்பது குறைந்துகொண்டே வரும். உள்ளே நடப்பது என்னவென்றால், தொடுதலை உணரும் நரம்பு செல் அடுத்த செல்லுக்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவு குறைகிறது. சும்மா விட்டுவிட்டால் பழைய வேகம் திரும்பிவிடும். தொடர்ந்து நாலு நாள், நாளுக்குப் பத்துத் தடவை பழக்கினால் மட்டும் அந்த அலட்சியம் மூன்று வாரம் வரை நிற்கும். நமக்கும் நத்தைக்கும் தூரம் அதிகம்தான். ஆனாலும், ஒரே படத்தில் ஏழாவது முறை கதவு படீரென்று அறையும்போது நாம் அசையாமல் இருப்பதும், அடுத்த வாரம் புதுப் படத்தின் முதல் கதவுக்கே துள்ளுவதும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. ஏழு நாள் இடைவெளியில் என் மூளைத்தண்டு ஒவ்வொரு வாரமும் புதிதாகப் பிறந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பயம் மெதுவாக ஏறுவது. வராந்தாவில் யாரோ நிற்கிற மாதிரி தோன்றும், ஆனால் கேமரா அந்தப் பக்கம் திரும்பாது. அந்த நேரத்தில் வயிற்றைப் பிசைகிறதே, அது. இயக்குநர் ஹிட்ச்காக் இதைப் புரியவைக்கச் சொன்ன உதாரணம் பிரபலமானது. மேஜைக்கடியில் குண்டு இருப்பது பார்வையாளனுக்குத் தெரியாமல் வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி. முன்பே தெரிந்துவிட்டால், மேஜையில் நடக்கும் வெட்டிப் பேச்சுகூட 15 நிமிடம் அவனைப் பதற வைக்கும். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் லௌரி நும்மென்மா குழுவினர் திகில் படம் பார்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2020-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது. பயம் மெல்ல ஏறும்போது பார்வைக்கும் செவிக்கும் உரிய பகுதிகள் கூர்மையாகின்றன. திடுக்கிடும் கணத்தில் உணர்ச்சி, ஆபத்தை எடைபோடுதல், முடிவெடுத்தல் ஆகியவற்றின் பகுதிகள் விழிக்கின்றன. 'காதைத் தீட்டிக்கொண்டு' என்று நாம் சொல்வது மூளை அளவில் உண்மையாகவே நடக்கிறது.

இந்த மெல்ல ஏறும் பயத்தில் இதயம் படபடவென்று அடிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். காத்திருக்கும் கட்டத்தில் நேர்மாறாகவும் நடக்கும். ஆபத்தை மோப்பம் பிடித்த மான் உறைந்து நிற்கும்போது அதன் இதயத் துடிப்பு குறையும். நெதர்லாந்தின் கரின் ரூலஃப்ஸ் 2010-ல் மனிதர்களிடமும் இதைக் காட்டினார். கோபமான முகப் படங்களைப் பார்த்தபோது நின்றிருந்தவர்களின் உடல் அசைவும் குறைந்தது, துடிப்பும் தணிந்தது. அப்புறம்தான் ஓட்டமும் படபடப்பும்.

இரண்டு பயங்களும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. மூளையில் இரு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலாவிலிருந்து, துள்ளலை நடத்தும் மூளைத்தண்டு செல்களுக்கு நேரடி இணைப்பு இருக்கிறது. மெல்ல ஏறும் பயம் அந்த இணைப்பின் வழியே துள்ளலின் ஒலியளவை ஏற்றி வைக்கிறது. இருட்டும் அதையே செய்யும். வெளிச்சத்தில் கேட்கும் அதே சத்தத்துக்கு மனிதர்கள் இருட்டில் இன்னும் பலமாகத் திடுக்கிடுவதைக் கிறிஸ்டியன் கிரில்லோன் 1997-ல் அளந்து காட்டினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதை அளவுகோல் வைத்துச் சொன்ன மாதிரி. 1942-ல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவுத் தெருவில் தனியாக நடப்பாள், பின்னால் ஏதோ வருகிறது என்று நமக்குத் தோன்றும், அமைதி நீளும். சட்டென்று சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ். அதன் தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்திக்கு 'லூட்டன் பஸ்' என்றே பெயர் விழுந்துவிட்டது. பஸ்ஸுக்கு யாரும் பயப்படுவதில்லை. அதற்கு முன்பு நீண்ட அந்த அமைதிதான் வேலையைச் செய்கிறது.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மர்மோட் என்ற மலையணில்களை ஆராயும் டேனியல் பிளூம்ஸ்டீன், பிடிபட்ட குட்டி அலறும் சத்தத்தின் கரகரப்பு தன்னையே உலுக்குவதைக் கவனித்தார். குரல்வளையின் எல்லையை மீறிக் கத்தும்போது ஒலி உடைந்து, ஒழுங்கு கெடுகிறது. அவர் குழு 2010-ல் திரைப்படங்களின் ஒலித்தடங்களை அலசியபோது திகில் படங்களில் அந்த மாதிரியான உடைந்த ஒலிகள் இருந்தன. 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் யாரும் கேளாமலே வயலின்களை அலறவிட்டு எழுதிக் காட்ட, மனம் மாறினார். அந்தக் காட்சியை ஒரு முறை சத்தமில்லாமல் பாருங்கள், பாதிப் பயம் காணாமல் போயிருக்கும்.

சரி, என் இரண்டாவது எண் ஏன் இறங்கியது? படங்களின் உத்திகள் பழகிவிட்டன என்பது ஒரு காரணம். கண்ணாடி அலமாரிக் கதவு மூடும்போது பின்னால் ஒரு முகம் தெரியும் என்று பத்தாவது படத்திலேயே யாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் என் கையில் இருந்த பேனா என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

1964-ல் ரிச்சர்ட் லாசரஸும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். பழங்குடிச் சடங்கு ஒன்றில் உடம்பை அறுப்பதைக் காட்டும், பார்க்கவே கூசுகிற ஆவணப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். படம் ஒன்றே, பின்னணிக் குரல் மட்டும் வேறு வேறு. ஒரு குரல் வலியையும் ஆபத்தையும் அழுத்திச் சொன்னது. இன்னொன்று, ஆராய்ச்சியாளர் தள்ளி நின்று கவனிப்பதுபோல் நிதானமாக விவரித்தது. தோலில் மின்சாரம் கடத்தும் அளவை வைத்துப் பதற்றத்தைப் பார்த்தபோது, நிதானக் குரல் கேட்டவர்கள் குறைவாகவே பதறினார்கள். விமர்சனம் எழுதுகிறவர் தலைக்குள் ஓடுவது அந்த நிதானக் குரல்தான். 'இங்கே கேமராக் கோணம் தாழ்ந்திருக்கிறது, வெளிச்சம் இடப்பக்கம்' என்று மனதுக்குள் எழுதிக்கொண்டே பார்ப்பவரிடம் பேய் என்ன செய்யும்?

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதே அதைத் தணிக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மேத்யூ லீபர்மன் 2007-ல் காட்டியது இது: பயந்த முகத்தைப் பார்த்து 'பயம்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அமிக்டலாவின் வேலை குறைகிறது, நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கத்தில் ஒரு பகுதி வேலையை எடுத்துக்கொள்கிறது. 2012-ல் அவரும் பங்கேற்ற இன்னொரு ஆய்வில், எட்டுக்கால் பூச்சிக்கு அஞ்சும் 88 பேர் பெரிய சிலந்தி ஒன்றை நெருங்க வேண்டியிருந்தது. 'இது அருவருப்பாக இருக்கிறது, மேலே பாயும் என்று பயமாக இருக்கிறது' என்று தங்கள் பயத்தை வாய்விட்டுச் சொன்னவர்களின் உடல் ஒரு வாரம் கழித்துக் குறைவாகப் பதறியது. 'சிலந்தி சாதுவானது' என்று தேற்றிக்கொண்டவர்களைவிட, மனதை வேறு பக்கம் திருப்பியவர்களைவிட அவர்கள் நன்றாகச் செய்தார்கள். வாரா வாரம் ஒரு பக்கம் முழுக்க என் பயத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமலே நானே எனக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

பயம் குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். பேய்ப்படத்துக்கு அது நஷ்டம். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் வேடிக்கைக்காகப் பயப்படுவதை ஆராயவே ஒரு ஆய்வகம் இருக்கிறது. வைலே நகரத்தின் ஒரு பேய்வீட்டுக்குள் போன 110 பேரின் இதயத் துடிப்பையும், அவர்கள் எவ்வளவு ரசித்தார்கள் என்பதையும் ஒப்பிட்டு 2020-ல் வெளியிட்டார்கள். பயம் ஏற ஏற ரசனையும் ஏறி, ஒரு புள்ளிக்கு மேல் கவிழ்ந்து இறங்குகிறது. மிகக் குறைவும் சுவைக்காது, மிக அதிகமும் சுவைக்காது, சாம்பாரில் புளி மாதிரி. அதே குழுவினரின் முந்தைய ஆய்வில் இன்னொரு அழகான விஷயம் வந்தது. பயத்தை வேண்டுமென்றே கூட்டிக்கொண்டு அலறுகிறவர்களும், பல்லைக் கடித்துக் குறைத்துக்கொள்கிறவர்களும் கடைசியில் ஒரே அளவு திருப்தியோடுதான் வெளியே வருகிறார்கள்.

பயமே வராதவர்களும் உண்டு. எஸ்.எம். என்று ஆய்வுகளில் குறிக்கப்படும் அமெரிக்கப் பெண்ணுக்கு ஒரு அரிய மரபுநோயால் இரு பக்க அமிக்டலாவும் சிதைந்துவிட்டன. கெண்டக்கி மாநிலத்தில் பேய்வீடாக மாற்றப்பட்ட பழைய காசநோய் மருத்துவமனைக்கு ஆய்வாளர்கள் அவரை அழைத்துப் போனார்கள். எல்லாருக்கும் முன்னால் நடந்தார், சிரித்தார், பேய் வேஷம் போட்டவரின் தலையை ஆவலோடு தொட, அந்தப் பேய்தான் திடுக்கிட்டது. திகில் படக் காட்சிகளும் அவருக்கு சுவாரசியமாக மட்டுமே இருந்தன. இது 2011-ல் வெளியான ஆய்வு. 2013-ல் கரியமில வாயு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்கச் செய்தபோது அவர் பீதியடைந்தார். கண்ணும் காதும் கொண்டுவரும் பயத்துக்குத்தான் அமிக்டலா வாசல். மூச்சுத் திணறலின் பயத்துக்கு வேறு வாசல்.

பாதி வருடத்தில் என் சட்டத்தை மாற்றினேன். படம் ஓடும்போது பேனாவைத் தொடுவதில்லை, விமர்சனம் மறுநாள் காலையில். விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனும் மாட்டிக்கொண்டேன். மார்க் கொஞ்சம் ஏறியது. ஆனால் முதல் வாரங்களின் பயம் திரும்பவில்லை.

47-வது வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஓட்டு வீடு, பின்னால் தென்னந்தோப்பு. எல்லாரும் தூங்கியபின், கூடத்தில் பாய் விரித்து, ஏற்கெனவே பார்த்து மூன்று மார்க் போட்டிருந்த ஒரு படத்தை மறுபடி போட்டேன். மார்க் பௌட்டன் என்ற உளவியலாளரின் ஆய்வுகளை அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். எலிக்கு ஒரு சத்தத்தைக் கண்டு அஞ்சப் பழக்கி, பிறகு வேறொரு கூண்டில் அந்த அச்சத்தைத் தணித்துவிடலாம். பழைய கூண்டுக்கோ, முற்றிலும் புதிய கூண்டுக்கோ மாற்றினால் அச்சம் திரும்பி வரும். பழைய பயம் அழிவதில்லை. 'இந்த இடத்தில் பயப்பட வேண்டாம்' என்ற புதிய பாடம் அதன் மேல் எழுதப்படுகிறது, அந்தப் பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

என் பாடம் என் அறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. படத்தின் நாற்பதாவது நிமிடத்தில், பார்த்த காட்சிதான், தோப்பில் மட்டை ஒன்று விழுந்த சத்தத்துக்கு நான் போட்ட கூச்சலில் அக்கா எழுந்து வந்துவிட்டாள்.

"என்னடி, வருஷம் பூரா இதையேதானே பாக்குற?"

விளக்கைப் போட்டுவிட்டு, நோட்டை எடுத்து, ஓரத்தில் ஒன்பது என்று எழுதினேன்.